நிற்கும் காருக்கு வேண்டிய கவனிப்பு

ஓடினால்தான் கார் தேயும், நிறுத்தி வைத்தால் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. மீட்டரில் கிலோமீட்டர் ஏறவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் நம் ஊர் வெயிலிலும், கடலோர உப்புக்காற்றிலும், ஐப்பசி கார்த்திகை ஈரத்திலும் நிற்கிற வண்டி, ஓடுகிற வண்டியைவிட வேகமாகப் பழசாகிறது. பேட்டரி இறங்குகிறது, டயரில் வெடிப்பு விடுகிறது, பிரேக் பிடித்துக்கொள்கிறது, பெட்ரோல் கெடுகிறது. பானெட்டுக்குள் எலி குட்டி போடுகிறது.

இப்படி நிற்கும் கார்கள் இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பான்; ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்கென்று வாங்கிய வண்டி அப்பா வீட்டுப் போர்டிகோவில் நிற்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர் காலமாகியிருப்பார், விற்க மனம் வராமல் வீட்டார் வைத்திருப்பார்கள். வேலைக்கு மெட்ரோவிலும் பைக்கிலும் போகிற குடும்பம், கல்யாணம் காட்சிக்கு மட்டும் காரை எடுக்கும். இவர்களுக்கான அத்தியாயம் இது.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வண்டியை ஒழுங்காக ஓட்டப் போகிறீர்களா, ஒழுங்காகத் தூங்க வைக்கப் போகிறீர்களா? வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓட்டலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்ட ஆளே இல்லையென்றால் முறைப்படி தூங்க வைத்துவிடுவதே நல்லது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கம் இருக்கிறது. வண்டிகளைக் கெடுப்பதில் அதற்குத்தான் முதலிடம்.

ஐந்து நிமிட ஸ்டார்ட்

“அப்பா, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிடுங்க, போதும்.” வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகள் அக்கறையோடு சொல்வது இது. அப்பாவும் ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்வார். இதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி சைலென்சர் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் இன்ஜினும் சைலென்சரும் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ஆவி உள்ளேயே நீராகப் படியும். சைலென்சருக்குள் தங்கும் நீர் அதை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இன்ஜின் ஆயிலில் கலக்கும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலை நீர்க்கச் செய்து, அமிலம் உண்டாக்கும். டீசல் வண்டி, அதுவும் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டி என்றால், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று சைலென்சர் பாதையில் இருக்கிறது. நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சாதாரணமில்லை.

பேட்டரிக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். வாரம் முழுக்கக் கசிந்து போனது திரும்பாது. ஆக, ஸ்டார்ட் செய்தால் இருபது முப்பது நிமிடமாவது ரோட்டில் ஓட்டுங்கள். ஊரைத் தாண்டிப் பைபாஸில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய் வாருங்கள். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து நான்கைந்து முறை பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க்கில் படிந்த துரு உரசிப் போய்விடும். ஏசியைப் பத்து நிமிடம் போடுங்கள். கம்ப்ரசருக்குள் ஆயில் சுற்றினால்தான் அதன் சீல்கள் காயாமல் இருக்கும். கண்ணாடிகளை ஏற்றி இறக்குங்கள். வீடு வர இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் உலர்ந்துவிடும், அடுத்த முறை பூஞ்சை நாற்றம் அடிக்காது. இதைச் செய்ய ஆளில்லையென்றால் சாவியைத் தொடவே வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

வெயில் காலத்தில், அதுவும் கத்திரி வெயிலில், மூடிய கார் வெட்டவெளியில் நின்றால் உள்ளே அறுபது டிகிரிக்குப் போகும்; டேஷ்போர்டு அதைவிடச் சூடாகும். இதை நாள்தோறும் தாங்கினால் பிளாஸ்டிக் வெளுத்து விரியும், சீட்டின் ரெக்ஸின் உரியும், கதவு ரப்பர்கள் இறுகும். கூரை உள்ள இடமே முதல் தேவை. போர்டிகோ மேற்குப் பார்த்து இருந்தால் கூரை மட்டும் போதாது. மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்வாக உள்ளே வந்து ஒரு பக்கத்தை மட்டும் வறுக்கும். அங்கே பச்சை நிழல்வலையைத் திரைபோலத் தொங்கவிடுங்கள். காற்றும் வரும், வெயிலும் பாதியாகக் குறையும்.

மரநிழல் நல்லதுதான் என்றாலும் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். தென்னைக்குக் கீழே நிறுத்தவே கூடாது. மா, வேம்பு போன்றவற்றில் பிசினும் பூச்சியின் இனிப்புக் கசிவும் வடியும். பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் சில நாளிலேயே பெயின்ட்டில் தழும்பு விடும். கூரையே கிடைக்காமல் மரத்தடிதான் என்றால் கவர் அவசியம்.

கவர் விஷயத்தில் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். மழைத்தண்ணீர் துளிகூடப் புகாத பளபள பிளாஸ்டிக் கவர் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றதல்ல. தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, வெயிலில் வேகும். பெயின்ட் கொப்பளிக்கும், நட்டு போல்ட்டெல்லாம் துருப்பிடிக்கும். காற்று புகுந்து வெளியேறும் துணிக் கவரே சரி. வண்டியைக் கழுவி, முழுதாக உலர்ந்தபின் மூடுங்கள். தூசி இருக்கும்போதே மூடினால், காற்றில் கவர் அசையும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசி உப்புத்தாள் வேலை செய்யும். கூரையடியில் நிற்கும் வண்டிக்குப் பழைய பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ போதும்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் தண்ணீரில் மூழ்கிய கார்களில், எடுத்து ஓட்ட ஆளில்லாமல் நின்றவையும் இருந்தன. அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வான பகுதியோ, அடுக்குமாடியின் தரைக்குக் கீழான பார்க்கிங்கோ என்றால், புரட்டாசிக்குள் வண்டியை மேடான ஓர் உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும் நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படியே இழுத்துப் போய் ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும்.

பேட்டரி

சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாக உறங்குவதில்லை. அலாரம், கடிகாரம், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 25 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி. ஆல்ட்டோ போன்ற சிறிய கார்களில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஒரே மாதத்தில் பாதி காலி. டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி என்று கூடுதலாக மாட்டியிருந்தால் பாதி மாதம்கூடத் தாங்காது. இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கிய நிலையிலேயே விட்டால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையில் அளந்தால் 12.6 வோல்ட்டோ மேலோ இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால்வாசிதான். 12.4-க்குக் கீழே போகவிடாதீர்கள்.

நீண்ட நாள் நிற்கப் போகும் வண்டிக்கு நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவது மிக எளிய வழி. பெரும்பாலான வண்டிகளில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன் முழு சார்ஜ் ஏற்றிவிடுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்குக் கோட் உண்டா என்று வண்டியின் கையேட்டைப் பாருங்கள். மறக்கக் கூடாத இன்னொன்று: சில வண்டிகளில் டிக்கி மின்சாரத்தால்தான் திறக்கும். டிக்கிக்குள் எதையும் விட்டுவிட்டு ஒயரைக் கழற்றாதீர்கள். பிளக் பாயின்ட் அருகில் இருந்தால், பேட்டரி நிரம்பியதும் தானாக நிறுத்திக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிடுவது இதைவிடவும் நல்லது. பழைய பாணி சார்ஜரை அப்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆசிட் கொதித்து வற்றிவிடும்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தால் ஒயர்களைக் கழற்றி, நெகட்டிவ்வை முதலில் எடுத்து, வெந்நீரில் ஆப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும்; பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் ஈயம் பளிச்சென்று தெரியும். துடைத்து உலர்த்தி, மேலே வாஸ்லின் பூசிவிடுங்கள்.

டயர், பிரேக், எரிபொருள்

டயரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ காற்று தானாக இறங்கும். காற்றில்லாத டயரில் வண்டி நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிப் பக்கவாட்டில் வெடிப்பு விடும். நிறுத்தும்போது வழக்கமான அளவைவிட ஐந்து பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். ஆனால் டயரில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஓட்டும் முன் பழைய அளவுக்கு இறக்கிவிட வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து வண்டியை ஓரடி முன்னே தள்ளினால் டயர் வேறு இடத்தில் நிற்கும். பளபளப்புக்காகப் பூசும் எண்ணெய் சார்ந்த டயர் பாலிஷை நிற்கும் வண்டியில் பூசாதீர்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவே இல்லையென்றாலும் ஐந்தாறு ஆண்டு வெயில் பார்த்த டயரை நம்பி நாற்கரச் சாலையில் ஏறுவது உயிரோடு விளையாடுவது.

ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்துங்கள். பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டால் கழற்றி அடித்துத்தான் எடுக்க வேண்டும். தரை சமமாக இருக்கட்டும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டையோ செங்கல்லோ வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் வைத்துக் கட்டை கொடுத்தால் போதும். கழுவிய கையோடு நிறுத்தவும் கூடாது. ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை உலர்த்திவிட்டு நிறுத்த வேண்டும்.

நாம் இப்போது போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குவரை எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீரும் தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடித்தண்ணீரைத்தான். டேங்கில் வெற்றிடம் குறைந்தால் ஈரக்காற்றுக்கும் இடம் குறையும். அதனால் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி நிறுத்துங்கள். அதற்கு மேல் திணிக்காதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும். மூன்று மாதம் வரை கவலையில்லை. ஆறு மாதத்தைத் தாண்டுமென்றால் ஸ்டெபிலைசர் கலந்து, அது இன்ஜின் வரை போய்ச் சேரச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுவதே பாதுகாப்பு. டீசல் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் அதிலும் நீர் சேர்ந்தால் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

ஆயிலை, பழசாக இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை வடித்துவிட்டுக் கூலண்ட் நிரப்புங்கள். துருவைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது.

எலி

நம் ஊரில் நிற்கும் காருக்கு எலியைவிடப் பெரிய எதிரி இல்லை. பானெட்டுக்குள் இருட்டு, மறைவு, மழை படாத இடம். ஒயரின் மேலுறையைக் கடித்தால் எந்த லைட் எரியாது, எந்த சென்சார் செத்தது என்று கண்டுபிடிப்பதற்கே மெக்கானிக்குக் கூலி கொடுக்க வேண்டும். முழு ஒயரிங்கையும் மாற்ற நேர்ந்தால் பல்லாயிரம் ரூபாய். சில மாதம் நின்ற வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேங்காய் நாரும், கிழிந்த சோபா பஞ்சும், வேர்க்கடலைத் தோலும், பிஸ்கட் கவரும் கச்சிதமாக அடுக்கிய கூடு பல வண்டிகளில் இருக்கும். ஏசி காற்று நாறினால் கேபின் ஃபில்டரிலும் கூடு இருக்கலாம்.

புகையிலையைத் துணியில் முடிந்து கட்டுவது, ஸ்பிரே அடிப்பது, அந்துருண்டை போடுவது எல்லாவற்றையும் மக்கள் செய்து பார்க்கிறார்கள். வாசனை குறையக் குறைய எலி திரும்பி வரும். அந்துருண்டையைக் காருக்குள் போடவே வேண்டாம். அந்த ஆவியை நாம்தான் பிறகு சுவாசிக்க வேண்டும். உருப்படியாகப் பலன் தருவது வேறு. காருக்குள் ஒரு பிஸ்கட் துணுக்கும் இல்லாமல் வேக்குவம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். போர்டிகோவில் நாய்ச் சோறு, அரிசி மூட்டை, குப்பைக்கூடை, பழைய அட்டைப்பெட்டி இருக்கக் கூடாது. பூட்டிய காம்பவுண்டுக்குள் நிற்கும் வண்டி என்றால் பானெட்டைத் திறந்து நிறுத்தி வைக்கலாம். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். பானெட் விளக்கு உள்ள வண்டியில் இதைச் செய்வதானால் பேட்டரி ஒயர் கழற்றியிருக்க வேண்டும். எலிப்பொறியைச் சுவரோரம், முன்சக்கரத்தின் அருகே வையுங்கள். விஷம் வைக்காதீர்கள், தின்ற எலி டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால், பிரித்து எடுக்கும் வரை காரில் உட்கார முடியாது. காற்று உள்ளே போகும் துவாரத்தில் சிறுகண்ணிக் கம்பிவலை வைத்தால், அதற்கு ஒரு சிவப்புத் துணியைக் கட்டி ஸ்டீயரிங்கிலும் ஒரு குறிப்பு ஒட்டிவிடுங்கள், எடுக்க மறக்காமல் இருக்க.

உள்ளே இருப்பதையும் பாருங்கள். சானிடைசர், லைட்டர், சென்ட் பாட்டில், பவர்பேங்க் எதையும் காரில் விடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தை வீட்டுக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் சீட்டிலும் பெல்ட்டிலும் பூஞ்சை வராமலிருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஆங்காங்கே போட்டு, வெயிலடிக்கும் நாளில் நான்கு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்போர், பெரிய பேட்டரியைப் பாதி சார்ஜ் அளவில் வைத்து நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் நூறு சதவீதத்தில் நிறுத்தி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதைக் கழற்றலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மீண்டும் எடுக்கும் நாள்

விமான நிலையத்திலிருந்து வந்த அன்றே குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பாதீர்கள். முதல் நாள் வண்டிக்கு என்று ஒதுக்குங்கள். பானெட்டைத் தட்டிவிட்டுத் திறங்கள். பூனையோ பாம்போ உள்ளே இருக்கக்கூடும். ஒயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், வலையை எடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா, பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா, குளவி எங்காவது மண்கூடு கட்டித் துவாரத்தை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடம் அப்படியே விட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்துவிட்டு, பஞ்சர் கடையில் காற்றைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

வண்டி ஓடவில்லையே என்று இன்ஷூரன்ஸை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்கும் வண்டியும் திருடு போகும், தீப்பிடிக்கும், வெள்ளத்தில் மூழ்கும். காலக்கெடு முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், பல ஆண்டு சேர்த்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். எலிக்கடிக்கும், நீர் புகுந்து இன்ஜின் கெடுவதற்கும் உங்கள் பாலிசி பணம் தருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இன்ஜினுக்குத் தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டியிருக்கலாம். பதிவு செய்து 15 ஆண்டு நெருங்கினால் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அதைத் தவறவிட்டால், புதுப்பிக்கும் வரை ரோட்டில் எடுக்க முடியாது.

இத்தனையும் செய்ய ஊரில் யாரும் இல்லை, இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீங்களும் வரப் போவதில்லை என்றால், வண்டியை நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். விற்கும்போது இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த காருக்கு அது செல்லும்.